நரம்பின் கதவு: நல்லதண்ணியில் அன்றும் இன்றும்

பல்வலிக்குக் கராம்பு. நல்லதண்ணி லயங்களில் முதல் வைத்தியம் அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். ஒரு கராம்பை நசுக்கிச் சொத்தைப் பல்லின் குழியில் வைத்து, தாடையைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, கூடையை மாட்டி மலைக்குப் போன பெண்கள் எத்தனையோ பேர். முதலில் காரும், பிறகு மரத்துப்போகும், மத்தியானம் வரை தாங்கும். வெற்றிலையும் புகையிலையும் ஊறிய வாய்க்கு அது போதாமல் போனால் தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாவிடம் போக வேண்டும். அந்தக் காலத்துப் பெரியவர்களைக் கேட்டால் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: குறடு இருந்தது, மரக்கவைக்கும் ஊசி எப்போதும் இருக்கவில்லை. ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் கையைப் பிடிக்க, பல் கையோடு வரும்வரை இழுப்புத்தான். அடுத்த நாள் பெரட்டுக்கு வந்து நிற்கவும் வேண்டும்.

நல்லதண்ணியைச் சுற்றுலாப் பயணிகள் டல்ஹவுசி என்ற வெள்ளைக்காரப் பெயராலும் அறிவார்கள். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக 30 கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான பாதை. அதன் முடிவில் சிவனொளிபாதமலையின் அடிவாரம். மார்கழி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலத்தில் இரவும் பகலும் வெளிச்சமும் கூட்டமும். மற்ற மாதங்களில் மழையும் அட்டையும் கொழுந்தும். மலையேறிப் போகிறவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இங்கே சொல்ல வருவது அடிவாரத்து லயங்களில் இருப்பவர்களின் வலியையும் வலிப்பையும் பற்றி, அவை இரண்டுக்கும் காரணமான ஒரு சின்னஞ்சிறு கதவைப் பற்றி. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதவைத் தொடுகிற மருந்துகள் ஒவ்வொன்றாக இந்த மலைக்கு வந்து சேர்ந்துவிட்டன. அவை எதைத் தொடுகின்றன என்ற விளக்கம்தான் இன்னும் வந்து சேரவில்லை. அதுவும் எங்கள் மக்களுக்குச் சேர வேண்டிய பங்குதான்.

இன்றைக்குப் பல்வலி என்றால் மஸ்கெலியாவுக்கோ டிக்கோயாவுக்கோ பஸ் ஏறுகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பல்லைப் பிடுங்கலாம். பல் டாக்டர் கையில் எடுக்கும் ஊசிக்குழாயைக் கவனித்திருக்கிறீர்களா? உலோகப் பிடிக்குள் ஒரு விரல் நீளக் கண்ணாடிக் குப்பி; அதற்குள் தண்ணீர் மாதிரித் தெளிந்த இரண்டு மில்லிலீட்டர் அளவு மருந்து. நூற்றுக்கு 2 பங்கு லிக்னோகெய்ன், அதோடு துளியினும் துளியாக அட்ரினலின். கீழ்த்தாடைப் பல் என்றால் வாயின் பின்கோடியில், தாடை எலும்பின் உள்பக்கம் ஊசி இறங்குகிறது. சில நிமிடத்தில் உதட்டின் பாதி தடித்துப்போனது போல் இருக்கும். பிறகு குறடு பல்லைப் பிடிப்பதும் ஆட்டுவதும் எலும்பு நறநறப்பதும் தெரியும். வலி மட்டும் இருக்காது. வலியைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பிழைகள் முதலில் அடங்கிவிடுவதும், அழுத்தத்தை உணர்த்தும் தடித்த இழைகள் கொஞ்சம் விழித்தே இருப்பதும்தான் காரணம்.

அங்கே என்னதான் நடக்கிறது? நல்லதண்ணிக்காரர்களுக்கு இதைச் சொல்ல மவுசாகலையைக் காட்டினால் போதும். அணைக்கு மேலே நீர் நிறைந்து நிற்கிறது. கதவு திறந்தால் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் கரண்டாகிறது. நரம்பிழையிலும் அப்படியே. இழைக்கு வெளியே சோடியம் உப்பின் அயன்கள் உள்ளே இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் நிறைந்து நிற்கின்றன. இழையின் சவ்வில் பதிந்திருக்கும் புரதக் கதவுகள் திறந்ததும் அவை உள்ளே பாய்கின்றன. அந்தப் பாய்ச்சலே அடுத்த கதவைத் திறக்கிறது, அது அதற்கடுத்ததை. பல்லிலிருந்து மூளைவரை வலி போய்ச் சேர்வது இந்தத் தொடரால்தான். குளவி கொட்டினாலும், கவ்வாத்துக் கத்தி கையில் பட்டாலும் வலி போகும் பாதை இதுவே.

இந்தக் கதவைத் திறப்பது ஆளும் அல்ல, சாவியும் அல்ல, மின்னழுத்தம். ஓய்ந்திருக்கும் நரம்பின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். அது சற்று ஏறியதும் கதவுக்குள் இருக்கும் சில துண்டுகள் வெளிப்புறமாக நகர, நடுத்துளை திறக்கும். திறந்து ஓரிரு மில்லி செக்கனுக்குள் உள்பக்கத்திலிருந்து ஒரு மூடி வந்து அடைத்துக்கொள்ளும். அடைத்த கதவு உடனே மறுபடி திறக்காது. நரம்பு பழைய நிலைக்குத் திரும்பிய பிறகுதான் தயாராகும். மூடியது, திறந்தது, அடைத்தது என்ற இந்த மூன்று நிலைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வலிப்பு மருந்துக்கு இவைதான் ஆதாரம்.

லிக்னோகெய்ன் வெளியிலிருந்து கதவை அடைப்பதில்லை. மின்னேற்றமில்லாத மூலக்கூறாகச் சவ்வில் கரைந்து, அதைக் கடந்து உள்ளே போகிறது. உள்ளே போனதும் ஒரு புரோட்டனை ஏற்று மின்னேற்றம் பெறுகிறது. பிறகு உள்பக்கத்திலிருந்து துளைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அட்ரினலின் அந்த இடத்து இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்து அடித்துச் செல்லப்படாமல் பார்த்துக்கொள்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால், லயத்தில் நெடுங்காலமாக இருக்கும் ஒரு மனக்குறைக்குப் பதில் கிடைக்கிறது. கன்னம் வீங்கி, சீழ் பிடித்து, தூக்கமில்லாமல் துடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், "இன்னைக்குப் பிடுங்க ஏலாது. மருந்து தாறேன், வீக்கம் வத்தினதும் வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். போன நாளுக்குப் பேர் விழாது. திரும்பிப் போகும் நாளுக்கும் பேர் விழாது. இரண்டு நாள் சம்பளம் போகும்போது மனம் கசக்காதா? "ஏழைன்னா இப்படித்தான் அலைய விடுவாங்க" என்ற பேச்சு அங்கிருந்து பிறந்ததுதான். ஆனால் வேதியியல் சொல்வது இது. சாதாரணத் திசுவில் லிக்னோகெய்னின் ஏறத்தாழக் கால்பங்குதான் மின்னேற்றமில்லாமல் சவ்வைக் கடக்கக்கூடிய வடிவில் இருக்கும். சீழ் பிடித்த இடம் அமிலமாகிவிடுகிறது. அங்கே அந்தக் கால்பங்கும் குறைந்துபோகும். மருந்து நரம்பின் வாசலிலேயே நின்றுவிடும். போதாததற்கு, அழற்சி கண்ட நரம்பு எளிதில் அடங்காத நிலையில் இருக்கும். சீழை வடித்தோ, வேறிடத்தில் ஊசி போட்டோ சமாளிக்கும் டாக்டர்களும் உண்டு. ஆனாலும் பொறுத்திருக்கச் சொல்வதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதைத் தமிழில் இரண்டு வாக்கியத்தில் சொல்லி அனுப்பினால், அலைக்கழிக்கிறார்கள் என்ற எண்ணமாவது இல்லாமல் போகும். சொல்வதற்கு ஒரு நிமிடம் பிடிக்குமா?

கராம்புக்கு வருவோம். அதன் எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால். அது பல்லின் உணர்வு நரம்புகளில் சோடியம் பாய்ச்சலைத் தடுக்கிறது என்று தென்கொரிய ஆய்வாளர்கள் 2006 இல் காட்டினார்கள். வேறு வழிகளிலும் அது வேலை செய்கிறது, பிடி மெல்லியது, அதிகம் வைத்தால் ஈறு வெந்துபோகும். ஆனாலும் பாட்டி வைத்த கராம்பும் பல் டாக்டர் போட்ட ஊசியும் தொட்டது ஒரே கதவை. பாட்டி கண்மூடித்தனமாக எதையும் செய்யவில்லை என்று இன்று சொல்ல முடிவதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

லிக்னோகெய்னை 1943 இல் உருவாக்கியவர்கள் சுவீடனைச் சேர்ந்த நில்ஸ் லோஃப்கிரென், பெங்ட் லுண்ட்குவிஸ்ட் இருவரும். பார்லியிலிருந்து கிடைத்த ஒரு பொருளின் வேதியியலை ஆராயப் போய், நாக்கை மரக்கவைக்கும் ஒன்றில் தொடங்கிய தேடல் அது. லுண்ட்குவிஸ்ட் மருந்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார். 1948 இல் அது விற்பனைக்கு வந்தது. அதே 1948 இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து, இந்த மலைகளில் பிறந்தவர்களை நாடற்றவர்களாக்கியது. உலகம் வலியில்லாமல் பல் பிடுங்கக் கற்றுக்கொண்ட ஆண்டில், நல்லதண்ணியில் பல்லைப் பிடுங்கிக்கொண்டவருக்கு ஒரு நாடே இல்லை. தோட்டத்து வைத்தியம் 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்திலிருந்து தோட்ட நிர்வாகத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. நாட்டின் பொதுச் சுகாதார சேவை கிராமங்களில் வளர்ந்தபோது தோட்டம் தனித்தீவாகவே நின்றது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களில்தான். டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் கட்டடம் திறக்கப்பட்டது 2017 மே 12 இல்.

மருந்து வந்த பிறகும் அது எப்படி வேலை செய்கிறது என்பது அதைக் கண்டுபிடித்தவர்களுக்கே தெரியாது. 1952 இல் இங்கிலாந்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும், கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து, இப்படி ஒரு கதவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டே சொன்னார்கள். திறக்க மூன்று துணுக்குகள் நகர வேண்டும், அடைக்க ஒன்று போதும் என்பது வரைக்கும் அந்தக் கணக்கு சொன்னது. கதவை ஒருவரும் கண்டதில்லை. அவர்களுக்கு நோபல் பரிசு 1963 இல். அடுத்த ஆண்டு தோஷியோ நராஹாஷியும் கூட்டாளிகளும், பேத்தை மீனின் நஞ்சு சோடியம் பாய்ச்சலை மட்டும் தனியாக நிறுத்துகிறது என்று காட்டினார்கள். கதவைப் பிடித்து இழுத்து வெளியே எடுக்க ஒரு தூண்டில் கிடைத்த மாதிரி ஆயிற்று. 1984 இல் ஜப்பானின் ஷோசாகு நூமாவின் குழு மின்விலாங்கு மீனிலிருந்து கதவின் முழு வரிசையையும் படித்தது: 1820 அமினோ அமிலங்கள், ஏறத்தாழ ஒரே மாதிரியான நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் சவ்வைக் குறுக்காகத் துளைக்கும் ஆறு துண்டுகள். நான்காம் துண்டில் மூன்றுக்கு ஒன்றாக நேர்மின்னேற்றம் பெற்ற அமினோ அமிலம். மின்னழுத்தத்தை உணர்வது அந்தத் துண்டுதான்.

கண்ணால் பார்க்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வில்லியம் கேட்டரலின் குழு ஒரு பாக்டீரியாவின் சோடியம் கதவைப் படிகமாக்கிப் படம் பிடித்தது. துளையின் சுவரில் சவ்வுப் பக்கமாகத் திறக்கும் பக்கச் சன்னல்கள் தெரிந்தன. கொழுப்பில் கரையும் மருந்து சவ்வுக்குள்ளிருந்தே பக்கவாட்டில் நுழையலாம் என்று பெர்ட்டில் ஹில்லே 1977 இல் சொன்னதற்கு வழி அங்கே இருந்தது. அதன் பிறகு சீனாவின் நியெங் யான் குழு உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் மனிதக் கதவுகளையே அணு அளவில் வரைந்து காட்டிவிட்டது. மனித உடம்பில் ஒன்பது வகைக் கதவுகள் உண்டு. மூளைக்குச் சில, தசைக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, வலி நரம்புக்குச் சில.

இனி வலிப்பு.

பல்வலி வந்தவரை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. காக்காவலிப்பு வந்தவரை ஒதுக்கினார்கள். வேலை மலையில் ஒரு பெண் விழுந்து இழுத்தால், கையில் இரும்பைக் கொடு, சாவியைத் திணி என்று ஓடி வருவார்கள். முனி அடித்துவிட்டது என்று கோடாங்கி அழைக்கப்படுவார். உடுக்கு ஒலிக்கும், நூல் கட்டப்படும். அவர்களைப் பழித்துப் பேச எனக்கு மனமில்லை. கண்முன் துடிக்கிற பிள்ளைக்கு எதையாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு அது. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் இரும்பு இருந்ததால் பெயர் இரும்புக்குப் போயிற்று. ஆனால் அதற்குக் கொடுத்த விலை சிறியதல்ல. அடுப்பில் விழுந்து வெந்தவர்கள், பீலிக்கரையிலும் ஆற்றிலும் விழுந்து எழாதவர்கள், கல்யாணப் பேச்சில் மறைத்துப் பின்னால் தெரிந்து திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள்.

வலிப்பில் மூளையின் ஒரு பகுதி நரம்புகள் மூச்சு விடாமல், ஒரே நேரத்தில், அதிவேகமாகச் சுடுகின்றன. அதாவது சோடியம் கதவுகள் இயல்புக்கு மீறிய வேகத்தில் திறந்து மூடித் திறக்கின்றன. 1938 இல் போஸ்டனில் ஹூஸ்டன் மெரிட்டும் டிரேசி புட்னமும், பூனைகளில் மின்சாரத்தால் வலிப்பைத் தூண்டி, அதைத் தடுக்கும் பொருள் எது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 1908 இலேயே ஜெர்மனியில் செய்யப்பட்டு அலமாரியில் கிடந்த ஃபெனிடோயின் வலிப்பை அடக்கியது, ஆளைத் தூங்கவைக்கவில்லை. அதற்கு முன்பிருந்த ஃபினோபார்பிட்டோன் வலிப்பையும் அடக்கும், ஆளையும் மந்தமாக்கும். பிறகு சுவிட்சர்லாந்தின் கெய்கி கம்பனியில் 1953 இல் வால்டர் ஷிண்ட்லர் கார்பமசெபின் செய்தார்.

மூளை முழுவதும் சோடியம் கதவு இருக்கும்போது, இந்த மருந்துகள் பேச்சையும் நினைவையும் நடையையும் நிறுத்தாமல் வலிப்பை மட்டும் நிறுத்துவது எப்படி? இந்த இடத்தில்தான் அந்த மூன்று நிலைகள் உதவுகின்றன. ஃபெனிடோயினும் கார்பமசெபினும் ஓய்ந்திருக்கும் கதவை அதிகம் தொடுவதில்லை. அடைத்த நிலையில் இருக்கும் கதவைத்தான் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. பிடித்தால் அது மறுபடி தயாராவது தாமதமாகும். அமைதியாக வேலை செய்யும் நரம்பில் அப்படி அடைத்த கதவுகள் குறைவு. வெறிகொண்டு சுடும் நரம்பில் அவை குவிந்து கிடக்கின்றன. எங்கே ஆட்டம் அதிகமோ அங்கே மருந்தும் அதிகம் பிடிக்கிறது. மருந்தியலில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் அறியேன்.

இது தெரியாததால் நடக்கும் தவறு ஒன்று எங்கள் பக்கம் மிகச் சாதாரணம். கிளினிக்கில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"மருந்த நிப்பாட்டிட்டீங்களா அம்மா?"

"ஆமாங்க டாக்டர். ஒரு வருசமா ஒண்ணும் வரல்லீங்க. நல்லாயிருச்சுன்னு நெனச்சேன்."

இந்த மருந்து வலிப்பைக் குணமாக்கிவிட்டுப் போவதில்லை. கதவோரம் இருக்கும்வரைதான் காவல். சட்டென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக, விடாமல் வலிப்பு வரலாம். நிறுத்துவதானால் டாக்டர் சொல்லி, மாதக்கணக்கில் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். 2022 இல் நாட்டில் டாலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, தினமும் மாத்திரை விழுங்கி வாழ்பவர்களுக்கு அது எத்தனை பெரிய ஆபத்து என்று நினைத்தாலே பதறுகிறது.

இன்னும் சிலதைக் கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஃபெனிடோயின் நீண்ட நாள் எடுத்தால் ஈறு தடித்துப் பல்லை மூடும். பல்லைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். அளவு சற்றே கூடினாலும் இரத்தத்தில் அது ஒரேயடியாக ஏறிவிடும்; நடை தள்ளாடும். தள்ளாடுகிறவரைக் குடித்திருக்கிறார் என்று கங்காணி விரட்டக் கூடாது. கார்பமசெபின் தொடங்கிய முதல் வாரங்களில் காய்ச்சலோடு தோல் சிவந்து வாய் புண்ணானால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆசியர்கள் சிலரிடம் இருக்கும் ஒரு மரபணு வகை இதற்குக் காரணம் என்று 2004 இல் தாய்வானில் கண்டார்கள். வலிப்பு வந்தவரைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 க்கு அடிக்க வேண்டும். இலவச அம்புலன்ஸ் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுவதற்கும் வந்தது. இவை எல்லாம் நாலு வரி. சிங்களத்தில் சொன்னதைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டிவிட்டு வருகிற தாய்க்கு அந்த நாலு வரிதான் மருந்தின் மறுபாதி.

எல்லா வலிப்புக்கும் கதவை அடைப்பதும் சரியல்ல. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் நீண்ட வலிப்பு வருகிற கடுமையான நோய் ஒன்று உண்டு, டிராவே என்று பெயர். மூளையின் சோடியம் கதவுகளில் முதல் வகை குறைப்பட்டிருப்பதே காரணம் என்று 2001 இல் தெரிந்தது. அந்தக் கதவு முக்கியமாக மற்ற நரம்புகளை அடக்கிவைக்கும் நரம்புகளில் இருக்கிறது. அங்கே மேலும் அடைத்தால் அடக்குபவனையே அடக்கியதாகும், வலிப்பு கூடும். அந்தக் குழந்தைகளுக்கு ஃபெனிடோயினும் கார்பமசெபினும் தவிர்க்கப்பட வேண்டியவை. இதயத்திலும் இப்படி ஒரு கசப்பான பாடம் கிடைத்தது. மாரடைப்புக்குப் பின் துடிப்பு தப்பாமலிருக்க இதயத்தின் கதவை அடைக்கும் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தபோது, கொடுக்கப்பட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள் என்று 1989 இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

கெய்கி கம்பனியைச் சொன்னேன். கார்பமசெபினுக்கு 14 ஆண்டுகள் முன்பு, 1939 இல், அதே கம்பனியில்தான் பால் முல்லர் டீ.டீ.டீ. பூச்சியைக் கொல்வதைக் கண்டுபிடித்தார். அதுவும் சோடியம் கதவைத்தான் பிடிக்கிறது, நேர்மாறாக: பூச்சியின் கதவு திறந்தபடியே நின்றுவிடும், நரம்பு ஓயாமல் சுட்டுப் பூச்சி துடித்துச் சாகும். இலங்கையில் 1934-35 மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. டீ.டீ.டீ. வந்த பிறகு 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேர் மட்டுமே நோயாளிகள். தெளிப்பதைக் குறைத்ததும் 1960களின் கடைசியில் அது இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது, டீ.டீ.டீ.க்கு அசையாத நுளம்பும் பெருகியது. குளிரான நல்லதண்ணிக்கு இது தூரத்துக் கதை போலத் தோன்றும். அல்ல. 1977 இலும் 1983 இலும் வன்முறைக்குத் தப்பி இந்த மலைகளிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள், மலேரியா குடிகொண்ட மண்ணில்தான் குடிசை போட்டார்கள். அந்தக் காய்ச்சல் இன்று நாட்டில் இல்லை. சான்றுக்கு முன் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இப்போது கடைகளில் விற்கும் நுளம்புச் சுருளிலும், சொறிக்குப் பூசும் பெர்மெத்ரின் களிம்பிலும் இருப்பதும் அதே கதவைத் திறந்து நிறுத்தும் பொருள்தான். லயத்தின் ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் நெருங்கிப் படுத்தால் சொறி ஒருவரோடு நிற்காது. வீட்டில் எல்லாரும் ஒரே இரவில் பூசினால்தான் போகும்.

கடைசியாகக் குளிர். விடியற்காலை மூடுபனியில் கொழுந்து எடுக்கும் விரல்கள் மரத்துப்போகும், தொட்டால் தெரியாது. ஆனால் விரல் வெடிப்பும் கீறலும் மட்டும் விண்விண்ணென்று வலித்துக்கொண்டிருக்கும். உணர்வே இல்லாத விரலுக்கு வலி மட்டும் எங்கிருந்து? பதில் 2007 இல் ஜெர்மனியின் எர்லாங்கனிலிருந்து வந்தது. குளிரில் மற்றச் சோடியம் கதவுகள் அடைத்த நிலைக்குப் போய்ச் சோர்ந்துவிடுகின்றன. வலி நரம்பில் மட்டும் இருக்கும் நேவ் 1.8 என்ற வகை குளிரிலும் சளைக்காமல் வேலை செய்கிறது. உறையும் குளிரில் உடம்பைக் காக்க அந்த ஒரு மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

இதன் பக்கத்து வகை நேவ் 1.7. அது பிறவியிலேயே இயங்காத பிள்ளைகள் வட பாகிஸ்தான் குடும்பங்கள் சிலவற்றில் இருப்பதாக 2006 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்களுக்கு வலி என்பதே தெரியாது. கையில் கத்தியைச் செருகியும் நெருப்பில் நடந்தும் தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவன், கூரையிலிருந்து குதித்து, 14 வயது நிறையுமுன் இறந்துபோனான். வலி வேண்டாம் என்று நாம் கேட்கும் வரம் அவனுக்குக் கிடைத்திருந்தது.

நேவ் 1.8 ஐ மட்டும் தேர்ந்து அடைக்கும் முதல் மாத்திரையான சுசெட்ரிஜினுக்கு அமெரிக்கா 2025 ஜனவரி 30 இல் அனுமதி கொடுத்தது. அது துளையை அடைப்பதில்லை; நான்கு பகுதிகளில் இரண்டாவதன் மின்னுணர் துண்டைப் பிடித்து, கதவு திறக்க முடியாமல் நிறுத்துகிறது. கதவின் உருவம் தெரிந்த பிறகே இவ்வளவு நுட்பமாகச் சொல்ல முடிகிறது. மூளையிலும் இதயத்திலும் இருக்கும் கதவுகளை விட்டுவிடுவதால், அபின் வகை மாத்திரைகளைப் போல அடிமையாக்கும் பயம் இதற்கு இல்லை என்கிறார்கள். சோதனைகளில் வெறும் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. அபின் கலந்த வழக்கமான மாத்திரையை மிஞ்சவில்லை. விலை ஒன்று 15.50 டாலர். 2024 இல் நிர்ணயித்த 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால் ஒரு மாத்திரைக்கு மூன்று நாளுக்கும் கூடுதலான கொழுந்து. ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை. லிக்னோகெய்ன், ஃபெனிடோயின், கார்பமசெபின் மூன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன; மஸ்கெலியா பஸ்ஸில் போய்வரும் காசுதான் செலவு. புதியதும் அந்தப் பட்டியலுக்கு வரும்வரை, பல் பிடுங்கிய இரவுக்கு நல்லதண்ணியில் பரசிட்டமோல்தான்.